சி60 கரைசல்ல வந்த இந்த வளைவு மூலக்கூறோடதா, சூட்டோடதா?

கேள்வி | பிப்ரவரி 9, இரவு 9:12

அக்கா, நான் தர்மபுரியில எம்.எஸ்சி. இயற்பியல் ரெண்டாம் வருஷம். ப்ராஜெக்டுக்கு சி60 ஃபுல்லரீனை (60 கார்பன் அணு சேர்ந்த பந்து மாதிரி மூலக்கூறு) டொலுவீன்ல கரைச்சு இசட்-ஸ்கேன் எடுத்தேன், அதாவது லென்ஸோட குவியத்துக்கு முன்னும் பின்னும் கரைசலை நகர்த்திக்கிட்டே, கடந்து வர்ற ஒளியை அளந்தேன். மில்லிலிட்டருக்கு 0.2 மில்லிகிராம், 1 மி.மீ. குவெட் (கரைசல் ஊத்தற கண்ணாடிக் குப்பி), 5 மில்லிவாட் பச்சை லேசர், 532 நானோமீட்டர், 10 செ.மீ. லென்ஸ், லென்ஸ் மேல விழுற கற்றை 2 மி.மீ. அகலம். டிடெக்டருக்கு முன்னாடி சின்னத் துளை வச்சு எடுத்த வளைவுல மேடும் பள்ளமும் அழகா வந்திருக்கு, ரெண்டுக்கும் வித்தியாசம் 0.53. கணக்குப் போட்டா என்2 (வெளிச்சம் கூடினா ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறுதுங்கிற அளவு) மைனஸ்ல 10ன் அடுக்கு மைனஸ் 7 சதுர செ.மீ./வாட் வருது. கார்பன் டைசல்பைடை விட முப்பது லட்சம் மடங்கு! கைடு உடனே பேப்பரா அனுப்பிடலாம்ங்கிறார், பணம் கட்டினா பத்து நாள்ல போட்டுடற இதழாம். சரியா இருக்கா?

பிப்ரவரி 9, இரவு 9:40

அனுப்பாத. முதல்ல மூணு விஷயம் சொல்லு. லேசர் துடிப்பு லேசரா, தொடர்ந்து எரியறதா? வெறும் டொலுவீனை அதே குவெட்ல ஊத்தி அதே மாதிரி ஸ்கேன் எடுத்தியா? மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவுல எத்தனை மில்லிமீட்டர்?

பிப்ரவரி 9, இரவு 11:05

பதில் வர்றதுக்குள்ள கணக்கு போட்டுப் பார்த்துட்டேன், தூக்கம் வரல. உன் லென்ஸுக்கு குவியத்துல கற்றையோட ஆரம் 17 மைக்ரான் சுமார். 5 மில்லிவாட்டை அதுல அடைச்சா நடுவுல சதுர செ.மீ.க்கு 1,100 வாட். கேட்க பெருசா இருக்கும், ஆனா நான்லீனியர் வேலைக்கு (பலமான வெளிச்சத்துல பொருளோட ஒளிக்குணமே மாறறதைப் பார்க்கிறது) இது ஒண்ணுமே இல்ல, நாங்க நானோசெகண்ட் லேசர்ல பார்க்கிறது கோடிக்கணக்கான வாட். இதே 1,100 வாட்டுக்கு, இதே 1 மி.மீ. குவெட்ல கார்பன் டைசல்பைடை வச்சிருந்தா (அதோட என்2 சுமார் 3 பெருக்கல் 10ன் அடுக்கு மைனஸ் 14, இதைத்தான் எல்லாரும் அளவுகோலா வச்சுக்கிறாங்க) வளைவுல எவ்வளவு ஏத்த இறக்கம் தெரியும் தெரியுமா? கோடியில ஒன்றரைப் பங்கு. உன் ஃபோட்டோடயோடு ஆயிரத்துல ஒரு பங்கைப் பிடிச்சாலே பெருசு. அதாவது இந்த லேசரை வச்சுக்கிட்டு எலக்ட்ரான் அசையறதால வர்ற விளைவைப் பார்க்கவே வழியில்ல, ஆனா உனக்கு பாதி அளவுக்கு வளைவு வந்திருக்கு. அப்ப வேற ஏதோ ஒண்ணு அங்க வேலை செய்யுது.

பிப்ரவரி 10, காலை 6:50

அந்த வேற ஒண்ணு சூடு. இன்னைக்கு காலேஜ்ல எட்டு மணிக்கு லேப் இருக்கு, அதனால சுருக்கமா. டொலுவீன் ஒரு டிகிரி சூடானா அதோட ஒளிவிலகல் எண் 0.00056 குறையும், தண்ணிய விட அஞ்சு மடங்கு ஜாஸ்தி. உன் வளைவு 0.53ன்னா நடுவுல கட்ட மாற்றம் (ஒளி அலை எவ்வளவு தள்ளிப்போகுதுங்கிறது) 1.3 ரேடியன். அதுக்கு டொலுவீன் எவ்வளவு சூடாகணும்னு போட்டுப் பாரு: 0.2 டிகிரி. காத்தாடி நிறுத்தின ரூம்ல நீ குவெட்டைக் கையில பிடிச்சாலே அதை விட ஏறும். 0.2 டிகிரி!

நடுவுல சூடு, ஓரத்துல சூடு கம்மி, அதனால நடுவுல ஒளிவிலகல் எண் குறைஞ்சு திரவமே ஒரு விரிக்கிற லென்ஸா ஆயிடுது. வெப்ப லென்ஸ்னு சொல்றது இதைத்தான். குவியத்துக்கு முன்னாடி மேடு, பின்னாடி பள்ளம், அதனாலதான் உனக்கு மைனஸ் குறி வந்திருக்கு.

பிப்ரவரி 10, இரவு 8:30

தம்பி பதில் போட்டிருக்கு: தொடர்ந்து எரியற லேசர்தான், மேடு பள்ளம் நடுவுல 5.5 மி.மீ., "ஆனா அக்கா, வெறும் டொலுவீன் எடுத்துப் பார்த்தேன், ஒரே நேர்கோடு, ஒண்ணுமே இல்ல, அப்ப சி60 தானே காரணம்?"

இந்த இடத்துல நான் கேட்ட கேள்வியையே திருத்திக்கணும். வெறும் டொலுவீன் எடுத்தியான்னு நேத்து கேட்டது போதாத கேள்வி. துடிப்பு லேசர்ல கரைப்பான் தனியா எவ்வளவு தருதுன்னு கழிக்க அது அவசியம், ஆனா உன் விஷயத்துல வெறும் டொலுவீன் பச்சை வெளிச்சத்தை உட்கவராது, தண்ணி மாதிரி தெளிவா இருக்கும், அதனால அது சூடாகாது, நேர்கோடுதான் வரும். சி60 போட்டதும் அது பச்சைய உட்கவருது, உட்கவர்ந்ததை சூடா டொலுவீனுக்குக் கொடுக்குது, டொலுவீன் விரியுது. விறகு சி60, கொதிக்கிறது டொலுவீன். நேர்கோட்டைப் பார்த்துட்டு "எல்லாம் மூலக்கூறோடது"ன்னு முடிவு கட்டினா நான் கேட்ட கேள்வியே உன்னைத் தப்பான பக்கம் தள்ளிவிட்ட மாதிரி ஆயிடும்.

சரியான சோதனை என்னன்னா, சி60 இல்லாம அதே அளவு பச்சைய உட்கவர்ற ஏதாவது ஒரு சாதாரண சாயத்தை டொலுவீன்ல கரைச்சுப் பாரு. சூடான் 3 கிடைக்கும், எண்ணெயில கரையற சிவப்புச் சாயம், மிளகாய்த்தூள்ல கலக்கிறாங்கன்னு உணவுப் பாதுகாப்புக்காரங்க தேடுவாங்களே அதேதான். ஸ்பெக்ட்ரோமீட்டர்ல 532ல உன் சி60 கரைசலும் சாயக் கரைசலும் ஒரே அளவு உட்கவர்ற மாதிரி பார்த்து நீர்க்க வை. ரெண்டும் ஒரே வளைவு கொடுத்தா ஃபுல்லரீனுக்கு அதுல தனிப் பங்கு இல்ல.

அந்த 5.5 மி.மீ.யும் சாட்சி சொல்லுது. எலக்ட்ரான் விளைவா இருந்தா மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவுல ரேலி நீளத்தைப் போல (குவியத்துல இருந்து கற்றை ஏறக்குறைய ஒல்லியாவே போற தூரம்) 1.7 மடங்கு இருக்கணும், உனக்கு ரேலி நீளம் 1.7 மி.மீ., அப்ப 2.9 மி.மீ. வரணும். சூடு கற்றையோட அகலத்தோட நிக்காம சுத்திப் பரவும், அதனால வளைவும் அகலமாகும்.

பிப்ரவரி 11, மாலை 5:15

என் கதையைச் சொல்றேன், இதை நான் ஏன் இவ்வளவு அழுத்தமா சொல்றேன்னு புரியும். எம்.ஃபில். படிச்சப்ப பெங்களூர்ல ஒரு லேப்ல மூணு மாசம் இருந்தேன். கிருஷ்ணகிரியில விடிகாலை பஸ் ஏறி, சனிக்கிழமை ராத்திரி திரும்புவேன். அங்க 80 மெகாஹெர்ட்ஸ் ஃபெம்டோசெகண்ட் லேசர், அதாவது நொடிக்கு எட்டு கோடி குட்டித் துடிப்பு விடறது, இருந்தது. துடிப்பு அவ்வளவு குட்டியா இருக்கும்போது சூடெல்லாம் வராதுன்னு நானே நினைச்சுக்கிட்டேன். மூணு வாரம் தரவு எடுத்து, வளைவு வளைவா ஒட்டி, அத்தியாயம் எழுதி முடிச்சிட்டேன். வைவாவுக்கு முன்னாடி படிச்சுப் பார்த்த ஒரு பேராசிரியர் பென்சிலால ஓரத்துல ஒரே ஒரு வரி எழுதினார், "ரெண்டு துடிப்புக்கு நடுவுல எவ்வளவு நேரம்?"னு. 12.5 நானோசெகண்ட். சூடு கலைய மில்லிசெகண்ட் ஆகும். ஒரு துடிப்போட சூடு கலையறதுக்குள்ள பல ஆயிரம் துடிப்பு மேல மேல வந்து விழுது, கடைசியில தொடர்ந்து எரியற லேசர் மாதிரியேதான். அத்தியாயத்தை எடுத்துட்டேன். அன்னைக்கு ஓசூர் தாண்டற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். இன்னைக்கு அந்த பென்சில் வரிக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கேன்.

பிப்ரவரி 11, இரவு 10:00

இன்னொருத்தர் கேட்டிருக்கார், "அப்ப சி60க்கு நான்லீனியர் குணமே கிடையாதா, இத்தனை பேர் எழுதினதெல்லாம் சூடா?"ன்னு. இல்லீங்க, இருக்கு. நிறையவே இருக்கு, ஆனா எல்லாரும் எதிர்பார்த்த இடத்துல இல்ல.

1985ல சி60 கண்டுபிடிச்சாங்க, 1990ல கிரேட்ஷ்மரும் ஹஃப்மனும் கிராஃபைட் கரியில இருந்து கிராம் கணக்குல எடுக்க வழி காட்டினதும் உலகம் பூரா லேசர் லேப்கள் இதுக்கு மேல விழுந்தது. ஒரு பந்துல 60 பை எலக்ட்ரான், கூண்டு பூரா சுத்திக்கிட்டிருக்கு, அப்ப மூணாம் படி விளைவு (என்2 இந்த வகைதான்) பிரமாதமா இருக்கணும்னு எல்லாருக்கும் ஆசை. 1991ல ஃபிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்ல ஒரு கட்டுரை வந்தது, டப்ளின் குழுவோடது, சி60 கண்டுபிடிச்ச க்ரோட்டோவும் அதுல ஒரு ஆசிரியர், பென்சீன்ல கரைச்ச சி60க்கு அகச்சிவப்புல ரொம்பப் பெரிய மதிப்பு சொல்லியிருந்தாங்க. அடுத்த வருஷமே அதே இதழ்ல மறுப்புக் குறிப்பு வந்தது, மதிப்பு அவ்வளவு பெருசா இருக்க முடியாதுன்னு. அந்தக் காலத்துல வெவ்வேறு குழு சொன்ன எண்களை வரிசையா வச்சுப் பார்த்தா பத்து மடங்கு நூறு மடங்கெல்லாம் தாண்டி வித்தியாசம் இருக்கும். அலைநீளம் வேற, துடிப்போட நீளம் வேற, கரைப்பானைக் கழிச்ச விதம் வேற. யாரும் பொய் சொல்லல, தம்பி. ஆளுக்கு ஒண்ணை அளந்துட்டு எல்லாருமே அதுக்கு ஒரே பேரை வச்சுட்டாங்க.

பிப்ரவரி 12, காலை 7:20

நேத்து சொன்னதோட மிச்சம். சி60 நிஜமாவே நல்லா செய்யற வேலை ஒளியைக் கட்டுப்படுத்தறது. 1992ல நேச்சர் இதழ்ல டட், காஸ்ட்னு ரெண்டு பேர், மாலிபுவில இருக்கிற ஹியூஸ் ஆய்வகத்துல 532 நானோமீட்டர், 8 நானோசெகண்ட் துடிப்பு வச்சு காமிச்சாங்க: வெளிச்சம் கூடக் கூட கரைசல் இன்னும் இருட்டாகுது. சாதாரண சாயம் பலமான வெளிச்சத்துல வெளுக்கும், இது அதுக்கு நேர் எதிர். காரணம் சூடு இல்ல. பச்சை ஒளியை வாங்கின மூலக்கூறு ஒரு நானோசெகண்டுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரத்துல டிரிப்லெட் நிலைக்கு (எலக்ட்ரானோட சுழற்சி மாறி, ரொம்ப நேரம் நிக்கிற கிளர்நிலை) இறங்கிடுது, ஏறக்குறைய நூத்துக்கு நூறு. அந்த டிரிப்லெட் நிலை, தரைநிலைய விட பச்சைய நல்லா விழுங்குது. அதனால துடிப்போட முன்பாதி கரைசலை மாத்திட்டுப் போக, பின்பாதி மாட்டிக்குது.

இதைப் பார்க்க துளையை எடுத்துட்டு, பின்னாடி வர்ற ஒளி முழுசையும் சேகரிச்சு ஸ்கேன் பண்ணணும். குவியத்துல பள்ளம் வரும். வெப்ப லென்ஸ் கற்றையை விரிச்சாலும் எல்லா ஒளியும் டிடெக்டர்ல விழுந்துடறதால அது இங்க குறுக்க வராது.

ஆனா அந்தப் பள்ளத்துக்கு "ரெண்டு ஃபோட்டான் உட்கவர்தல் எண் பீட்டா"ன்னு ஒரு மதிப்பு போட்டு அதை மூலக்கூறோட சொத்து மாதிரி எழுதறாங்களே, அதை நான் ஒத்துக்கவே மாட்டேன். இங்க ஃபோட்டான் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா, நடுவுல டிரிப்லெட்ல நின்னு வாங்கப்படுது. 30 பிக்கோசெகண்ட் துடிப்பு போட்டா டிரிப்லெட் உருவாகவே நேரம் கிடையாது, அதுக்கு முந்தின சிங்லெட் கிளர்நிலைதான் உட்கவரும், எண் மாறும். துடிப்போட நீளத்தைச் சொல்லாத பீட்டாவை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

பிப்ரவரி 12, இரவு 9:05

பேச்சு எங்கயோ போகுது, போகட்டும். முதல் தடவை சி60 கரைச்ச நாள் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. சின்ன குப்பியில அடுப்புக்கரி தூள் மாதிரி கறுப்பா இருந்தது, டொலுவீனை ஊத்தி ஆட்டினா ரொம்ப நேரம் அடியிலேயே கிடந்தது, ஊதாவே ஆகலியேன்னு வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டு வந்தா, நாவல்பழம் தின்ன நாக்கு மாதிரி ஊதா. ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். பக்கத்துலயே சி70 கரைசல், அது டீ டிகாஷன் மாதிரி சிவந்த பழுப்பு. பத்து கார்பன் கூட, நிறமே வேற.

நம்மூர் வெயிலுக்கு ஒண்ணு. சர்க்கரை சூடான தண்ணியில நல்லா கரையும், சி60 டொலுவீன்ல அப்படி இல்ல. அறை வெப்பநிலைக்குக் கீழ, 7 டிகிரி சுமார்லதான் அதிகம் கரையும், அதுக்கு மேல சூடானா கரையறது குறையும். அறை வெப்பத்துல மில்லிலிட்டருக்கு 2.8 மில்லிகிராம் கிட்ட கரையும்னு அட்டவணையில இருக்கேன்னு காலையில அந்த விளிம்பு வரைக்கும் கரைச்சு வச்சா, மத்தியானம் நம்ம தகரக்கூரை லேப்ல அடியில படிவு நிக்கும். உன் 0.2க்கு அந்தப் பயம் இல்ல. ஆனா மூடி சரியா இல்லன்னா டொலுவீன் ஆவியாகி செறிவு ஏறும், டெஃப்லான் மூடி போடு. வெயில்ல வைக்காத, காத்தும் வெளிச்சமும் சேர்ந்தா ஆக்சைடு ஆகி நிறம் பழுப்பா மாறும்.

பிப்ரவரி 13, மாலை 6:40

மேஜை பத்திக் கேட்டிருக்க. ஆப்டிகல் டேபிள் வாங்க காசு இல்லாத காலேஜுக்கு நம்ம மாவட்டத்துல கல் இருக்கு. கிருஷ்ணகிரி பக்கம் பாலிஷ் பட்டறையில மூலை உடைஞ்ச கிரானைட் பலகை நாலு அடிக்கு மூணு அடி, ரெண்டு இன்ச் தடிமன், 150 கிலோ வரும், நாலு பேர் தூக்கணும். அடியில மரப் பெஞ்சு, பெஞ்சுக்கும் கல்லுக்கும் நடுவுல ஸ்கூட்டர் ட்யூப் மூணு, பாதி காத்து மட்டும். முழுசா அடிச்சா கல்லா கெட்டியாயிடும், அதிர்வு அப்படியே ஏறும். எங்க லேப்ல பக்கத்து குவாரியில வெடி வைக்கிற நேரம் தெரியும், அந்தப் பத்து நிமிஷம் ஸ்கேன் எடுக்க மாட்டோம், அது தவிர லாரி போனாலும் துளைப் பக்கம் சிக்னல் அசையறதில்ல.

பிப்ரவரி 14, காலை 6:30

ஒரு திருத்தம். வேற இடத்துல ஒருத்தருக்கு எழுதும்போது "சி60 முழு சமச்சீர் உள்ள மூலக்கூறு, அதனால ரெண்டாம் படி விளைவு பூஜ்யம், ரெண்டாம் ஹார்மோனிக் (அலைநீளம் பாதியான ஒளி) வரவே வராது"ன்னு அடிச்சுச் சொல்லியிருந்தேன். ஒளியோட மின்புலத்துக்கு மூலக்கூறு காட்டற முதல் நிலை விளைவை (மின் இருமுனை) மட்டும் பார்த்தா அது சரி. ஆனா மெல்லிய சி60 படலத்துல ரெண்டாம் ஹார்மோனிக் ஒளியை 90களோட தொடக்கத்துலயே பார்த்திருக்காங்க, காந்த இருமுனை மாதிரி அடுத்த நிலைப் பங்கு அதுக்குக் காரணம்னு விளக்கினாங்க. "வரவே வராது"ங்கிற வார்த்தையை எடுத்துட்டேன்.

பிப்ரவரி 14, இரவு 8:50

தம்பிகிட்ட சூடான் சாயம் இன்னும் வரலையாம். அதுவரைக்கும் காசு இல்லாம ஒரு சோதனை. பழைய கம்ப்யூட்டர் விசிறி எடு, கறுப்பு அட்டையை வட்டமா வெட்டி ரெண்டு வாய் விட்டு ஒட்டு, கற்றைக்கு நடுவுல சுத்த விடு. விசிறியைக் கல்லு மேல வைக்காத, தனி ஸ்டூல்ல வை, அதோட காத்தும் குவெட் மேல படக்கூடாது. குவெட்டைப் பள்ளம் வந்த இடத்துல நிறுத்து, துளைக்குப் பின்னாடி ஃபோட்டோடயோடை ஆசிலோஸ்கோப்ல போடு. அட்டையோட வாய் கற்றையைத் திறக்க 0.2 மில்லிசெகண்ட் ஆகும். எலக்ட்ரான் விளைவா இருந்தா திறந்ததுமே லென்ஸ் தயாரா இருக்கும், தட்டையான சதுர அலை. சூடா இருந்தா முதல்ல முழு உயரத்துக்கு எகிறும், அப்புறம் ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட்ல மெதுவா சரியும், ஏன்னா உன் கற்றை அகலத்துக்கு டொலுவீன்ல சூடு பரவ ஆகிற நேரம் அதுதான்.

அப்புறம் உன் பச்சை லேசர் பாயின்டர் ரகம்னா இன்னொரு கவலை. அது உள்ளுக்குள்ள 808 நானோமீட்டர்ல இருந்து 1064 செஞ்சு, அதோட அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கி 532 ஆக்குது. மலிவானதுல அகச்சிவப்பைத் தடுக்கிற வடிகட்டி இருக்காது, கண்ணுக்குத் தெரியாத ஒளியும் சேர்ந்து வெளிய வரும். நீ 5 மில்லிவாட்னு அளந்ததுல எவ்வளவு பச்சைன்னே தெரியாது, கண்ணுக்கும் ஆபத்து. ஒரு பழைய சி.டி. மேல அடிச்சு நிறத்தைப் பிரிச்சு, அகச்சிவப்பு வடிகட்டி கழட்டின வெப்கேம்ல பாரு. பச்சைப் புள்ளிக்குப் பக்கத்துல இன்னொரு புள்ளி தெரிஞ்சா தடுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுட்டு மறுபடி அள.

பிப்ரவரி 17, இரவு 10:30

ஆசிலோஸ்கோப் படம் வந்துடுச்சு. திறந்ததும் எகிறி, ரெண்டு மில்லிசெகண்ட்ல வழுக்கி இறங்கி நிக்குது. வெப்ப லென்ஸ்தான். ரொம்ப சுத்தமா எடுத்திருக்க தம்பி, இந்தப் படத்தை முதல் தடவையே இவ்வளவு தெளிவா யாரும் எனக்கு அனுப்பினதில்ல.

"கைடு கோவிச்சுக்குவார், ப்ராஜெக்ட் வீணாயிடுச்சே"ன்னு எழுதியிருக்க. எதுவும் வீணாகல. தலைப்பை மாத்து. சி60 கரைசல்ல வெப்ப லென்ஸ் அளவீடுன்னு வை. உன் வளைவுல இருந்து டொலுவீனோட வெப்பப் பரவல் எண்ணை எடுக்கலாம், ரொம்ப நீர்த்த கரைசல் எவ்வளவு உட்கவருதுன்னு ஸ்பெக்ட்ரோமீட்டரை விட நுணுக்கமா எடுக்கலாம், வெப்ப லென்ஸை வச்சு வேதியியல்காரங்க இந்த வேலையைத்தான் பண்றாங்க. கைடுகிட்ட அந்த விசிறிப் படத்தை முதல்ல காட்டு, எண்ணை அப்புறம் சொல்லு. கோவிச்சுக்கிட்டா நான் பேசறேன்.

பிப்ரவரி 19, மாலை 4:10

கைடு ஒத்துக்கிட்டாராம். சந்தோஷம்.

நானோசெகண்ட் லேசர்ல துளை இல்லாத ஸ்கேன் ஒண்ணு எடுக்கணும்னு ஆசைப்பட்டியே, பெங்களூர்ல எனக்குத் தெரிஞ்ச லேப்ல கேட்டுட்டேன், மார்ச் முதல் வாரம் அரை நாள் தர்றாங்க. 7 நானோசெகண்ட், நொடிக்கு 10 துடிப்பு, ரெண்டு துடிப்புக்கு நடுவுல 100 மில்லிசெகண்ட், போன துடிப்போட சூடு கலைஞ்சிருக்கும். துடிப்புக்குள்ளயும் கவலை குறைவு, சூட்டுல திரவம் விரியணும்னா ஒலி வேகத்துலதான் விரியும், 17 மைக்ரானைக் கடக்க டொலுவீன்ல 13 நானோசெகண்ட் ஆகும், அதுக்குள்ள துடிப்பு போயிடும். காத்துல இருக்கிற ஆக்சிஜன் டிரிப்லெட்டை அணைக்குமேன்னு பயப்படாத, அதுக்கு 300 நானோசெகண்ட் சுமார் ஆகும்.

அங்க மூணு எடுக்கணும்: வெறும் டொலுவீன், சூடான் சாயம், சி60. ஒவ்வொண்ணும் மூணு ஆற்றல்ல. சாயம் பார்சல் அதுக்குள்ள வந்துடுதான்னு பாத்துக்க.

டொலுவீன் பாட்டிலை பஸ்ல எடுத்துட்டு வராத, தீப்பிடிக்கிற சரக்கு, கண்டக்டர் ஏத்தவும் மாட்டார், ஏத்தவும் கூடாது. சி60 தூளை மட்டும் எடை போட்டு பழுப்புக் குப்பியில போட்டுக் கொண்டா, அங்கயே கரைச்சுக்கலாம். முந்தின நாள் சாயங்காலமே கரைச்சு வச்சாத்தான் காலையில ஊதா சரியா ஏறியிருக்கும், அதனால நீ ஒரு நாள் முன்னாடியே கிளம்பி வா, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுல நான் ஏறிக்கிறேன்.